நார்ச்சத்தைக் கூட்டுவதா, வெங்காயத்தைக் குறைப்பதா? உப்பிய வயிற்றுக்கு வந்த யோசனைகள்

மதுரையில் இருக்கும் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். ஒரே வாரத்தில் அவளுக்கு வந்து சேர்ந்த யோசனைகள். தினம் ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிடு, குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கு அதுதான் தீனி. சுண்டல், பருப்பு பக்கமே போகாதே, வாயுதான் சேரும். காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும். வெங்காயமும் பூண்டும்தான் உனக்கு எதிரி. பாலை நிறுத்து. தயிரை விடாதே. கோதுமையை விட்டுவிடு. அரிசியை விட்டுவிடு. கடைசியாக, மகனுடைய நண்பன் சொன்னது: மலத்தை ஒரு டப்பாவில் அடைத்து அனுப்பினால் உள்ளே எந்தெந்தப் பாக்டீரியா இருக்கிறது என்று ரிப்போர்ட் வரும்.

கீழே ஒரு வரி: "டேய் தம்பி, இதுல எதைச் செய்யட்டும்? எல்லாத்தையும் கேட்டா நான் வெறும் தண்ணிதான் குடிக்கணும்."

அக்காவுக்கு 48 வயது. இரண்டு வருடமாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு உப்பிக்கொள்கிறது. சாயங்காலம் பாவாடை நாடாவைத் தளர்த்தாமல் உட்கார முடியாது. லேசாக வலியும் உண்டு. வெளிக்குப் போவது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. நான் மருத்துவன் இல்லை. ஆனால் அவள் பட்டியலில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்து, எந்த ஆய்வு, யாரை வைத்து, எத்தனை நாள் என்று தேடிப் படித்தேன். அதில் தேறியதும் தேறாததும் இங்கே.

முதலில் எனக்குப் புரிந்த விஷயம், இந்த யோசனைகளில் பல ஒன்றோடொன்று மோதவே இல்லை. வேறு வேறு ஆட்களுக்குச் சொன்னது ஒரே போனில் வந்து சேர்ந்திருக்கிறது. நார்ச்சத்து விஷயம் நல்ல உதாரணம். உலக சுகாதார நிறுவனம் 2023இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து, 400 கிராம் காய்கறி பழம். அதற்கு முன் 2019இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகக் குழு லான்செட் இதழில் வெளியிட்ட பெரிய தொகுப்பாய்வு, நார்ச்சத்தை மிகுதியாகச் சாப்பிடுகிறவர்களிடம் மாரடைப்பு, சர்க்கரை நோய், பெருங்குடல் புற்றுநோய் ஆகியவற்றின் ஆபத்து 15 முதல் 30 சதவீதம் வரை குறைவாக இருப்பதைக் காட்டியது. இது ஊருக்குச் சொல்லும் யோசனை. இருபது முப்பது வருடக் கணக்கு. இன்று மதியம் சாப்பிட்டதும் அக்காவுக்கு வயிறு உப்புமா என்பது அந்த ஆய்வின் கேள்வியே இல்லை.

வெங்காயத்தை நிறுத்தச் சொல்வது ஏற்கெனவே குடல் தொல்லை உள்ளவர்களுக்கான யோசனை. அதுவும் சில வாரங்களுக்கு மட்டும். இரண்டுக்கும் 'குடலுக்கு நல்லது' என்ற ஒரே தலைப்பைப் போட்டு வீடியோ போட்டால், பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

இன்னொன்றும் உண்டு. சுண்டல் பாக்டீரியாவுக்குத் தீனி என்பதும், சுண்டல் வாயுவைக் கிளப்பும் என்பதும் ஒரே நிகழ்வின் இரண்டு பக்கம். பெருங்குடலில் பாக்டீரியா அதை நொதிக்க வைக்கும்போது குடல் சுவருக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களும் உண்டாகின்றன, வாயுவும் உண்டாகிறது. 2017இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஐபிஎஸ் எனப்படும் குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இனுலின் என்ற நார்ச்சத்தைக் கொடுத்து எம்ஆர்ஐ ஸ்கேனில் குடலைப் பார்த்தார்கள். இரு தரப்புக்கும் வாயு ஏறக்குறைய ஒரே அளவில்தான் சேர்ந்தது. வலியும் உப்பலும் ஐபிஎஸ் உள்ளவர்களுக்குத்தான் அதிகம். அதாவது இவர்களுடைய குடல் அதே வாயுவைக் கூடுதலாக உணர்கிறது. "உனக்கு மட்டும் என்னடி, நாங்களும் அதே சாம்பாரைத்தானே சாப்பிடுறோம்" என்று வீட்டில் கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

எதையும் நிறுத்துவதற்கு முன்னால்

பட்டியலில் ஒருவர்கூடச் சொல்லாத யோசனை, மருத்துவரைப் பார் என்பது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்தில் எழுப்பிவிடும் வலி அல்லது பேதி, குடும்பத்தில் குடல் புற்றுநோய், 45, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் உணவுச் சோதனை எல்லாம் அப்புறம். பெண்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். 50 வயதை ஒட்டியவர்களுக்குப் புதிதாக வந்து போகாமல் நிற்கும் உப்புசம், அபூர்வமாகச் சினைப்பைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். பிரிட்டனின் அரசு வழிகாட்டுதல் இப்படி வருகிறவர்களுக்கு சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்கிறது. 'கேஸ்தான், சீரகத் தண்ணி குடி' என்று ஆறு மாதம் ஓட்டுவது சரியில்லை.

அக்காவை ஒரு குடல் நோய் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் கேட்ட மூன்றாவது கேள்வி, "வேற என்னென்ன மாத்திரை எடுக்கறீங்க?" அக்கா யோசித்து, மூட்டு வலிக்காக இரண்டு வருடமாகக் காலையும் இரவும் கால்சியம் மாத்திரை போடுவதாகச் சொன்னாள். எடுத்துக் காட்டியதும் அவர் தலையாட்டினார். கால்சியம் கார்பனேட். மலச்சிக்கலும் உப்புசமும் அதன் தெரிந்த பக்கவிளைவுகள். இரண்டு வருட மாத்திரை, இரண்டு வருட வயிறு. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. ஊரெல்லாம் அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டதே ஒழிய, என்ன விழுங்குகிறாள் என்று கேட்கவில்லை.

இதே வகையில் சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் பலருக்கு வயிற்றைப் பொருமச் செய்யும், இளக்கும். அதே மருந்து மெல்லக் கரையும் வடிவில் கிடைக்கிறது, மருத்துவரிடம் கேட்டு மாற்றலாம். இரும்புச் சத்து மாத்திரையும் மலச்சிக்கல் தரும்.

மாத்திரையை மாற்றியதில் அக்காவுக்குப் பாதி குறைந்தது. ரத்தப் பரிசோதனைகளில் கோளாறு இல்லை. மீதிப் பாதிக்குத்தான் இனி வரும் ஒப்பீடு.

நார்ச்சத்து: எந்த நார்?

நார்ச்சத்து என்று ஒற்றைச் சொல்லில் சொல்வதுதான் குழப்பத்தின் வேர். நெதர்லாந்தில் ஐபிஎஸ் உள்ள 275 பேரை வைத்து நடந்த ஒரு சோதனை 2009இல் வெளியானது. ஒரு குழுவுக்கு நாளைக்கு 10 கிராம் இசப்கோல், ஒரு குழுவுக்கு 10 கிராம் கோதுமைத் தவிடு, மூன்றாவது குழுவுக்கு ஒப்பீட்டுக்காக வெறும் அரிசி மாவு. 12 வாரம். இசப்கோல் குழுவில் தொல்லை தெளிவாகக் குறைந்தது. தவிடு அரிசி மாவைவிடப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. தவிட்டுக் குழுவில் வயிறு இன்னும் மோசமாகிப் பாதியில் விலகியவர்களும் பலர்.

காரணம் எளிது. இசப்கோல் தண்ணீரைப் பிடித்துக் கூழாகிறது, மலத்தை இளக்குகிறது. பாக்டீரியா அதை அவ்வளவாக நொதிக்க வைப்பதில்லை, அதனால் வாயு குறைவு. தவிடு கரையாது, குடலை உரசிக்கொண்டு போகும். சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இனுலின் கரையும், ஆனால் வேகமாக நொதித்து வாயுவைக் கிளப்பும். 'ஃபைபர் சேர்த்தது' என்று அட்டையில் போட்டிருக்கும் பிஸ்கட்டையும் புரோட்டீன் பாரையும் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் இனுலின் இருக்கும். ஆரோக்கியத்துக்கென்று வாங்கிச் சாப்பிட்டு வயிறு உப்புவதற்கு இது ஒரு வழி.

இசப்கோலுக்கு இன்னொரு சிறப்பு, அது நம் ஊர்ச் சரக்கு. உலகச் சந்தைக்குப் போகும் இசப்கோலில் பெரும்பங்கு குஜராத், ராஜஸ்தான் வயல்களில் விளைகிறது. மளிகைக் கடை விலை. ஒரு டீஸ்பூனில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெதுவாகக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கக் கூடாது, இடைவெளி வேண்டும்.

சுண்டலை என்ன செய்வது? முந்தின நாள் ஊற வைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைத்தால் வாயுவைக் கிளப்பும் சர்க்கரைகளில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். 'சத்து போயிடும்' என்று அந்தத் தண்ணீரிலேயே வேகவைக்கும் பழக்கம் உப்பிய வயிற்றுக்கு ஆகாது. அளவும் முக்கியம். நேற்று வரை சுண்டலே சாப்பிடாதவர் இன்று ஒரு கிண்ணம் சாப்பிட்டால், குற்றம் சுண்டலுடையது இல்லை.

வெங்காயம் பூண்டு இல்லாத ஆறு வாரம்

மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும் 2005இல் ஃபோட்மேப் என்ற கருத்தை முன்வைத்தார்கள். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்கு வந்து நொதிக்கும் சில சர்க்கரைகளின் கூட்டுப் பெயர் அது. வெங்காயம், பூண்டு, கோதுமையில் இருப்பது ஃப்ரக்டான். பருப்பு வகைகளில் இருப்பது வேறொன்று. பாலில் லாக்டோஸ். மாம்பழத்திலும் ஆப்பிளிலும் மிஞ்சி நிற்கும் ஃப்ரக்டோஸ். காலிஃப்ளவரிலும் காளானிலும் மானிடால்.

திட்டம் மூன்று கட்டம். முதலில் இவை அனைத்தையும் இரண்டு முதல் ஆறு வாரம் குறைப்பது. பிறகு ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்த்து, எது எந்த அளவில் தொல்லை தருகிறது என்று பார்ப்பது. கடைசியாக, தொல்லை தருவதை மட்டும் ஒதுக்கி மற்றதைச் சாப்பிடுவது. நம்மூர் யூடியூபில் முதல் கட்டம் மட்டும் வாழ்நாள் உணவாகப் போதிக்கப்படுகிறது. அது தவறு மட்டும் இல்லை, ஆபத்தும்கூட. கட்டுப்பாடு நீண்டால் பிஃபிடோ என்ற நல்ல பாக்டீரியா குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாப்பாட்டைப் பார்த்தாலே பயம் வந்து எடை இறங்குகிறவர்களும் உண்டு.

பலன் இருக்கிறதா? இருக்கிறது. ஐபிஎஸ் உள்ளவர்களில் பாதிப்பேருக்கும் மேல் குறைகிறது என்று பல சோதனைகள் சொல்கின்றன. ஆனால் 2015இல் சுவீடனில் 75 பேரை வைத்து நடந்த ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பாதிக்கு ஃபோட்மேப் குறைத்த உணவு. மறுபாதிக்குப் பழைய பொது யோசனை: நேரத்துக்குச் சாப்பிடு, ஒரே மூச்சாக வயிறு முட்டச் சாப்பிடாதே, மென்று சாப்பிடு, எண்ணெயையும் காப்பியையும் குறை, சோடா வேண்டாம். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் முதல் குழுவில் 50 சதவீதத்தினருக்கும் இரண்டாவது குழுவில் 46 சதவீதத்தினருக்கும் குறைந்திருந்தது. கிட்டத்தட்டச் சமம். இதைப் படித்ததும் என் முடிவு மாறியது. பாட்டி சொன்ன யோசனையில் 46 கிடைக்கும்போது, சமையலறையைத் தலைகீழாக்கும் திட்டத்தை முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது இரண்டாம் சுற்றுக்கு.

இரண்டாம் சுற்று வந்தால், தமிழ்ச் சமையலில் இது நினைப்பதைவிட எளிது. அரிசி, முட்டை, மீன், இறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட்டில் இந்தத் தொல்லை இல்லை. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கு ஆஸ்திரேலியாக்காரன் எதுக்கு? ஆறு வாரத்துக்கு அமாவாசை சமையல்னு நினைச்சுக்க," என்றாள். வெங்காயம் பூண்டு சேர்க்காத குழம்பும் பொரியலும் விரத நாளுக்கென்று ஒரு முழு வரிசையே நம்மிடம் இருக்கிறது. பருப்பின் அளவை மட்டும் குறைக்க வேண்டும், துவரம்பருப்புக்குப் பதில் பாசிப்பருப்பு கொஞ்சமாக. பெருங்காயம் போடலாம், ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். சிட்டிகை அளவுக்கு ஃபோட்மேப் கணக்கில் பாதகமில்லை. கோதுமையே ஆகாத சீலியாக் நோயாளிகள் மட்டும் பொட்டலத்தைப் படித்து வாங்க வேண்டும். பூண்டு வாசனை இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஒரு தந்திரம் உண்டு: ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டுப் பல்லை எண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கலாம். ரசத்தில் தட்டிப் போட்ட பூண்டை எடுத்துப் போட்டால் பயனில்லை, அது ஏற்கெனவே ரசத்துக்குள் இறங்கியிருக்கும். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி. உணவியல் நிபுணர் ஒருவர் மேற்பார்வையில் செய்வது நல்லது, குறிப்பாக ஏற்கெனவே ஒல்லியானவர்களும் சர்க்கரை நோயாளிகளும்.

பாலும் கோதுமையும்

பாலை நிறுத்தச் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. பாலின் லாக்டோஸைச் செரிக்கும் திறன் வளர்ந்தபின் குறைவது உலகில் பெரும்பாலோருக்கு இயல்பு. இந்தியாவில் வடக்கைவிடத் தெற்கில் இது அதிகம். ஆனால் அப்படிப்பட்டவர்களிலும் பலர் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ் வரை தாங்குவார்கள். அது ஒரு பெரிய டம்ளர் பால். ஒரு டம்ளர் காப்பியில் 100 மில்லி பால் என்றால் 5 கிராம்தான். ஆகவே காப்பியைக் காப்பாற்றலாம், இரவு குடிக்கும் முழு டம்ளர் பாலை இரண்டு வாரம் நிறுத்திப் பார்க்கலாம். தயிரில் லாக்டோஸ் சற்றுக் குறைவு, அதிலுள்ள பாக்டீரியாவே மீதியைச் செரிக்கவும் உதவும். புரோபயாடிக் (உடலுக்கு நல்லது என்று விற்கும் உயிருள்ள பாக்டீரியா) விளம்பர வாசகங்களைப் பெரும்பாலும் நிராகரித்துவிட்ட ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம்கூட, தயிரின் இந்த ஒரு குணத்தை 2010இல் ஏற்றுக்கொண்டது. 'பாலை நிறுத்து, தயிரை விடாதே' என்ற இரண்டும் முரண் போலத் தெரிந்தாலும் சேர்ந்தே சரி.

கோதுமை விஷயம் சுவாரசியமானது. அதே மோனாஷ் குழு 2011இல், சீலியாக் நோய் இல்லாதவர்களுக்கும் கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் தொல்லை தருகிறது என்று ஒரு சிறிய சோதனையில் கண்டது. உலகம் முழுக்கக் குளூட்டன் பயம் பரவ அதுவும் ஒரு காரணம். 2013இல் அவர்களே 37 பேரை வைத்து, முதலில் ஃபோட்மேப்பைக் குறைத்துவிட்டு, மறுபடியும் குளூட்டனைக் கொடுத்துப் பார்த்தார்கள். தனியாகக் குளூட்டனால் ஒன்றும் நடக்கவில்லை. 2018இல் நார்வேயில் 59 பேருக்கு எது என்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கொடுத்ததில், உப்பவைத்தது ஃப்ரக்டான், குளூட்டன் அல்ல. தான் சொன்னதைத் தானே சோதித்துத் திருத்திக்கொண்ட ஆய்வாளர்களை நான் நம்புகிறேன். முதல் ஆய்வோடு நின்றுவிட்ட வீடியோக்களை நம்புவதில்லை.

உண்மையான சீலியாக் நோய் இருக்குமா என்ற கேள்விக்கும் நம்மூர்க் கணக்கு உண்டு. 2016இல் வெளியான ஆய்வில் நாட்டின் மூன்று பகுதிகளில் 23,000க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் ஆன்டிபாடி இருந்தவர்கள் வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. இங்கே அபூர்வம், ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நிறுத்திவிட்டுச் செய்தால் நோய் இருந்தாலும் தெரியாமல் போகலாம்.

அக்காவுக்கு இதில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. எடை குறைய வேண்டும் என்று இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியிருந்தாள். நான்கு சப்பாத்தி, வெங்காயம் வதக்கிய குருமா, பிறகு ஒரு டம்ளர் பால். ஃபோட்மேப் உள்ள மூன்று உணவு ஒரே வேளையில். 'அரிசியை ஒழி' என்ற யோசனையைக் கேட்டதன் பலன் அது.

பழைய சோறும் கேப்சூலும்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 2021இல் செய்த சோதனையைப் புளித்த உணவை ஆதரிப்பவர்கள் அடிக்கடி காட்டுவார்கள். 36 ஆரோக்கியமான பெரியவர்கள், பாதிப்பேருக்கு நார்ச்சத்து கூடுதல், பாதிப்பேருக்குத் தயிர், கிம்ச்சி போன்ற புளித்த உணவு கூடுதல், 10 வாரம். புளித்த உணவுக் குழுவில் குடல் பாக்டீரியாவின் வகைகள் பெருகின, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்துக் குழுவில் வகைகள் சராசரியாகப் பெருகவில்லை. நல்ல ஆய்வு. ஆனால் 36 பேர், ஆரோக்கியமானவர்கள், அளந்தது பாக்டீரியாவையும் ரத்தத்தையும். அக்காவின் உப்புசத்தைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

இட்லியும் புளித்ததுதானே என்று கேட்பார்கள். ஆவியில் வெந்தபின் அதில் உயிருள்ள பாக்டீரியா இல்லை. மோர்க்குழம்பும் அப்படியே. இட்லி நல்ல உணவு, வேறு காரணங்களுக்காக.

பழைய சோறு பற்றி நாம் பெருமைப்பட உண்மையான காரணங்களும் இருக்கின்றன, பொய்யானவையும் இருக்கின்றன. 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருக்கும் இரும்புச் சத்து 12 மணி நேரம் ஊறினால் 73.91 மில்லிகிராம் ஆகிறது என்ற செய்தி பல வருடமாகச் சுற்றுகிறது. இரும்பு ஒரு தனிமம். பாக்டீரியா அதைத் தயாரிக்க முடியாது. சோற்றிலோ தண்ணீரிலோ பாத்திரத்திலோ இல்லாத இரும்பு விடியற்காலையில் எங்கிருந்து வரும்? புளித்தால் இருக்கும் இரும்பு உடலில் சேர்வது எளிதாகலாம், அவ்வளவுதான்.

உண்மையான காரணம் வேறு. வடித்து ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அது பெருங்குடலுக்குப் போய்ப் பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது. இந்த வகை மாவுச்சத்தின் வலுவை உலகத்துக்குக் காட்டியதில் வேலூருக்குப் பங்கு உண்டு. 2000ஆம் ஆண்டில் வேலூர் சிஎம்சியில் ராமகிருஷ்ணா தலைமையிலான குழு, காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலில் செரிக்காத மக்காச்சோள மாவைச் சேர்த்து, வயிற்றுப்போக்கு குறைவதை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டது. பாக்டீரியா அந்த மாவிலிருந்து உண்டாக்கும் அமிலங்கள் பெருங்குடல் உப்பையும் நீரையும் உறிஞ்ச உதவுகின்றன. தெற்கில் சீலியாக் அபூர்வம் என்று சொன்ன 2016 ஆய்வின் முதல் ஆசிரியரும் அவர்தான்.

அதனால் பழைய சோறு அக்காவுக்குச் சரிதான், தயிர் ஊற்றி. ஆகாதது பக்கத்தில் கடித்துக்கொள்ளும் பச்சைச் சின்ன வெங்காயம். பெருமையெல்லாம் சோற்றுக்கு, வாயு வெங்காயத்துக்கு. மோர் மிளகாய் வைத்துக்கொள்ளட்டும். சோறு முழுக நீர் ஊற்றி மூடி, மறுநாள் காலையிலேயே சாப்பிட வேண்டும். நாற்றமோ நூல் விடும் வழவழப்போ இருந்தால் கொட்டிவிட வேண்டும், சோற்றில் வளரும் கெட்ட பாக்டீரியாவும் உண்டு. கீமோ சிகிச்சையில் இருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் சாப்பிடக் கூடாது.

புரோபயாடிக் கேப்சூலுக்கு வருவோம். இங்கே மோதிக்கொள்வது யூடியூபர்கள் இல்லை, நிபுணர் சங்கங்களே. அமெரிக்கக் குடல் மருத்துவச் சங்கம் 2020இல், ஐபிஎஸ்ஸுக்கு புரோபயாடிக்கை ஆராய்ச்சிக்கு வெளியே பரிந்துரைக்க மாட்டோம் என்றது. பிரிட்டிஷ் சங்கம் 2021இல், விரும்புகிறவர்கள் 12 வாரம் வரை எடுத்துப் பார்க்கலாம், பலன் இல்லையென்றால் நிறுத்திவிடலாம் என்றது. இருவரும் படித்த ஆய்வுகள் ஏறத்தாழ ஒன்றுதான். ஆதாரம் பலவீனம் என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை. பலவீனமானதைப் பரிந்துரைக்கக் கூடாது என்கிறார் ஒருவர், பெரிய தீங்கில்லை, முயலட்டும் என்கிறார் இன்னொருவர். இதில் அறிவியல் சண்டை எதுவும் இல்லை, பணம் யாருடையது என்ற கேள்விதான் மிச்சம். சில கேப்சூல்கள் மாதம் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018இல் காட்டியபடி, ஒரே கேப்சூல் சிலர் குடலில் தங்குகிறது, சிலர் குடலில் தங்காமல் வெளியேறிவிடுகிறது. ஆன்டிபயாடிக் முடித்தபின் அதை எடுத்தவர்களுக்குச் சொந்தப் பாக்டீரியா திரும்பி வரத் தாமதமானதையும் அதே குழு கண்டது. அக்காவிடம் நான் சொன்னது: கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

மல பாக்டீரியா ரிப்போர்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆரோக்கியமான குடலில் எந்தப் பாக்டீரியா எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட அளவே இன்னும் கிடையாது. அளவுகோல் இல்லாமல் அளந்து, பக்கத்திலேயே கேப்சூலும் விற்கிறார்கள். ரத்தத்தில் ஐஜிஜி என்ற ஆன்டிபாடியைப் பார்த்து 'உங்களுக்கு ஆகாத 90 உணவுகள்' என்று தரும் பட்டியலும் வேண்டாம். ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் அதைச் செய்யாதீர்கள் என்று பல வருடமாகச் சொல்கின்றன. நாம் அடிக்கடி சாப்பிடும் உணவுக்கு ஐஜிஜி இருப்பது இயல்பு.

அக்கா செய்தது

நான் வரிசைப்படுத்தியது விலையையும் சிரமத்தையும் வைத்துத்தான். எது மலிவு, எதைச் சுலபமாகப் பின்வாங்கலாம், எது சாப்பாட்டைக் குறைந்த அளவில் மாற்றுகிறது என்று பார்த்து. மாத்திரையை மாற்றிய பிறகு, மூன்று வாரம் நேரத்துக்குச் சாப்பிடுவதும் மென்று சாப்பிடுவதும் மட்டும். பிறகு இசப்கோல். பிறகு இரவுப் பாலை நிறுத்துவது. பிறகு சப்பாத்திக்குப் பதில் அளவாகச் சோறு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாரம். பழைய காலண்டரின் பின்பக்கத்தில் தினமும் உப்பலுக்குப் பத்துக்கு ஒரு மார்க், வெளிக்குப் போனதா இல்லையா, அவ்வளவுதான் குறிப்பு. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் எது வேலை செய்தது என்று தெரியாமலே வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் விட்டிருப்பாள்.

இசப்கோலில் வயிறு இளகியது. இரவுப் பாலை நிறுத்தியதில் பெரிய மாற்றம் தெரியவில்லை, அதனால் பால் திரும்பி வந்துவிட்டது. சப்பாத்தி போனதும் ஏழில் இருந்த மார்க் மூன்றுக்கு இறங்கியது. அதன் பிறகுதான் ஃபோட்மேப் பட்டியலில் ஃப்ரக்டானை மட்டும் எடுத்து, வெங்காயத்தையும் பூண்டையும் நான்கு வாரம் விட்டுப் பார்த்தாள். திரும்பச் சேர்த்தபோது, சாம்பாரில் வெந்த வெங்காயம் கொஞ்சம் என்றால் பரவாயில்லை, பச்சை வெங்காயம் கூடவே கூடாது என்று தெரிந்தது. கேப்சூல் வரை போகவில்லை.

பூண்டுச் சோதனை இன்னும் பாக்கி. தீபாவளி முடியட்டும் என்கிறாள். வீட்டில் அதிரசமும் முறுக்கும் இருக்கும் வாரத்தில் பூண்டைச் சேர்த்தால், வயிறு எதனால் உப்பியது என்று எப்படிப் பிரிப்பது என்பது அவள் வாதம். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை.